பில் அச்சானதா, கென்சலானதா? உங்கள் புரோகிராமுக்குத் தெரிய வைப்பது எப்படி

புறக்கோட்டையில் ஒரு மொத்த விற்பனைக் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராமில் ஒரு விதி இருந்தது. பில்லை முதல் தடவை அடித்தால் மேலே 'மூலப்பிரதி' என்று விழும். அடுத்த தடவையிலிருந்து 'நகல்' என்று விழும். வற் (பெறுமதி சேர் வரி) கணக்குக் காட்டும் வாடிக்கையாளர்களுக்கு மூலப்பிரதிதான் வேண்டும் என்பதால் முதலாளியே கேட்டு வைத்த விதி அது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பில் போடும் தங்கச்சி பிரின்ட் பட்டனை அழுத்தியிருக்கிறாள். தாள் கோணலாக ஏறுவதைக் கண்டு உடனே கென்சல் கொடுத்திருக்கிறாள். தாளை நேராக்கி மறுபடி அடித்தால் 'நகல்' என்று வருகிறது. குருநாகலிலிருந்து லொறியோடு வந்து நின்ற வாடிக்கையாளர் அதை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். முதலாளி எனக்கு போன் போட்டார். "தம்பி, முதல் பில் தாளிலயே விழேல்ல. உங்கட புரோகிராம் இது ரெண்டாவது எண்டு சொல்லுது. அப்ப முதலாவது எங்க போனது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. புரோகிராமின் கோட்டைத் திறந்து பார்த்தால் இரண்டே வரி. முதல் வரியில் பிரின்ட் கட்டளை, அடுத்த வரியில் 'அச்சானது = ஆம்' என்று டேட்டாபேஸில் எழுதுவது. கட்டளை போனதற்கும் தாளில் விழுந்ததற்கும் நடுவே மூன்று இடங்களில் ஆள் கை வைக்கலாம்: பிரின்ட் டயலொக்கில், பக்கங்கள் உருவாகிக்கொண்டிருக்கும்போது, பிறகு விண்டோஸின் பிரின்ட் வரிசையில் (அச்சுக்குக் காத்திருக்கும் வேலைகளின் பட்டியல்). மூன்றையும் ஒரே சோதனையால் பிடிக்க முடியாது. இதைப் புரிந்துகொள்வதற்குள் வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் நம்பர் பஸ்ஸில் நான்கு தடவை புறக்கோட்டைக்குப் போய் வந்துவிட்டேன். நீங்கள் ஒரு தடவையோடு முடிக்கலாம்.

நான் சொல்வது விண்டோஸில் ஓடும் டெஸ்க்டொப் புரோகிராம்களுக்கு. பெரும்பாலும் டொட் நெட் வின்ஃபோர்ம்ஸ். நான் போகும் கடைகளில் இன்னும் விஷுவல் பேசிக் 6, எக்ஸஸ் ஓடுவதால் அவற்றையும் தொட்டுக்கொள்கிறேன். கிளாஸ், ஈவன்ட் பெயர்களை வாய்விட்டு வாசித்தால் எது எதுவென்று பிடிபடும்.

1. கோட்டைத் தொட முன்னர் கையில் இருக்க வேண்டியவை

கடையிலுள்ள ஒவ்வொரு மெஷினிலும் எந்த பிரின்டர், என்ன டிரைவர், எந்தப் போர்ட், நேரடியாக இணைத்ததா அல்லது வேறு மெஷினிலிருந்து பகிர்ந்ததா என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். நான் இதை எழுதி வராததால்தான் இரண்டாவது பஸ் பயணம் வந்தது. பில் அடிக்கும் டொட் மெட்ரிக்ஸ் வேறொரு மெஷினில் மாட்டியிருந்தது. நானோ இந்த மெஷினின் வரிசையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குங்கள், 6ஆம் படிக்கு வேண்டும். டேட்டாபேஸின் பெக்கப் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டில் 'அச்சானது' என்று எழுதும் இடங்கள் எத்தனை என்று தேடி எண்ணுங்கள். எனக்கு ஐந்து இடங்கள் கிடைத்தன. இரண்டை நானே மறந்துவிட்டிருந்தேன்.

செலவு பற்றி: மூன்று அடுக்குத் தாள்கட்டை வீணாக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10 இலும் 11 இலும் பிடிஎஃப் பிரின்டர் சும்மா வருகிறது. உண்மையான பிரின்டரையும் வரிசையில் 'போஸ்' பண்ணிவிட்டு, அதாவது இடைநிறுத்திவிட்டு, சோதித்தால் ஒரு தாளும் வெளியே வராது. விஷுவல் ஸ்டூடியோவின் கொம்யூனிட்டி பதிப்பு தனி ஆளுக்கு இலவசம். எனக்கு உண்மையில் போன காசு பஸ்ஸுக்கும் பிளேன்டீக்கும்தான்.

2. 'ஆம் / இல்லை' நிரலை முதலில் தூக்குங்கள்

பில் டேபிளில் உள்ள 'அச்சானது' என்ற ஒற்றை நிரல் (கொலம்) தான் வினை. பில் டேபிளை விட்டுவிட்டு, அச்சு முயற்சிகளுக்கென்று தனி டேபிள் ஒன்று போடுங்கள். பில் இலக்கம், எத்தனையாவது முயற்சி, நேரம், மெஷின் பெயர், பிரின்டர் பெயர், யார் அடித்தது, நிலை. நிலைக்கு ஐந்து பெறுமதிகள் போதும்: தொடங்கியது, வரிசைக்குப் போனது, அச்சானது, கென்சல், தெரியாது.

கடைசியாக உள்ள 'தெரியாது' என்பதை வெட்கப்படாமல் வையுங்கள். அது இல்லாத புரோகிராம், தெரியாத இடத்திலெல்லாம் ஊகித்து எழுதும். எங்கள் குருநாகல் வாடிக்கையாளர் மாட்டியதும் அப்படியொரு ஊகத்தில்தான். மூலப்பிரதியா நகலா என்ற முடிவை, அந்த பில்லுக்கு 'அச்சானது' என்ற வரி ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

3. டயலொக்கில் கொடுக்கும் கென்சல்

இது சுலபம். வின்ஃபோர்ம்ஸின் பிரின்ட்டயலொக்கில் ஷோடயலொக் திருப்பித் தரும் விடை 'ஓகே' என்றால் மட்டும் மேலே போங்கள். மைக்ரோசொஃப்டின் ரிப்போர்ட்வியூவர் பாவித்தால், அதன் பிரின்ட்டயலொக் மெதட்டும் இதே மாதிரி விடை தரும்.

விஷுவல் பேசிக் 6இல் கொமன்டயலொக்கின் கென்சல்எரர் தொடக்கத்திலேயே அணைந்திருக்கும். அதை 'ட்ரூ' ஆக்கினால்தான் கென்சல் கொடுக்கும்போது 32755 என்ற எரர் வரும். ஆக்காவிட்டால் டயலொக் பேசாமல் மூடிக்கொள்ளும், உங்கள் கோட் அடுத்த வரிக்குப் போய் அடித்துத் தள்ளும். எக்ஸஸில் 2501 என்ற எரர் வரும். அந்த இலக்கத்தைப் பிடிக்காமல் பொதுவாக 'எரர் வந்தால் தாண்டிப் போ' என்று எழுதி வைத்த கோட்டை நான் எத்தனையோ கடைகளில் பார்த்திருக்கிறேன். அங்கே கென்சலும் அச்சானதாகத்தான் பதிவாகும்.

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்ற அறிக்கை மென்பொருளைப் பாவிப்பவர்களுக்கு ஒரு பொறி. வியூவரின் மேல்பட்டையில் உள்ள பிரின்ட் பட்டனை மறைத்துவிட்டு உங்கள் சொந்தப் பட்டனை வையுங்கள். சொந்தப் பட்டனில் முதலில் நீங்களே டயலொக்கைக் காட்டி, 'ஓகே' வந்த பிறகு பிரின்ட்டுபிரின்டரைக் கூப்பிடுங்கள். அந்த மெதட் எதையும் திருப்பித் தராது. அது எரர் இல்லாமல் முடிந்தால் 'வரிசைக்குப் போனது' என்று எழுதலாம், அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது.

4. பக்கங்கள் உருவாகும்போது கொடுக்கும் கென்சல்

பிரின்ட்டொக்கியுமென்ட் (டொட் நெட்டில் அச்சடிப்பதற்கான கிளாஸ்) பாவிப்பவர்கள் இங்கே நிதானமாக வாசியுங்கள். எனக்கு ஒரு முழு இரவு போன இடம் இது.

அச்சு தொடங்கும்போது பிகின்பிரின்ட், ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரின்ட்பேஜ், முடிவில் எண்ட்பிரின்ட் என்று ஈவன்ட்கள் வரும். எண்ட்பிரின்ட் வந்துவிட்டால் அச்சாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்போம். இரண்டு காரணங்களால் அது பிழை.

முதலாவது, பிரிவியூ. திரையில் பிரிவியூ காட்டும்போதும் இதே ஈவன்ட்கள் எல்லாம் வரும். முதலாளி பில்லைச் சும்மா பார்த்துவிட்டு மூடினாலும் எண்ட்பிரின்ட் வந்து போகும். ஈவன்டோடு வரும் பிரின்ட்அக்ஷன் என்ற பெறுமதியைப் பாருங்கள். அதில் பிரின்ட்டுபிரிவியூ, பிரின்ட்டுஃபைல், பிரின்ட்டுபிரின்டர் என்று மூன்று உண்டு. மூன்றாவது வந்தால் மட்டுமே கணக்கில் எடுங்கள்.

இரண்டாவதுதான் என் இரவைத் தின்றது. அடிக்கும்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி, பக்க இலக்கத்தோடும் கென்சல் பட்டனோடும் வரும் அல்லவா? அதில் கென்சல் கொடுத்தேன். எண்ட்பிரின்டில் கென்சல் என்ற பெறுமதியைப் பார்த்தேன். 'ஃபோல்ஸ்'. மறுபடி செய்தேன், மறுபடியும் 'ஃபோல்ஸ்'. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துத் தேத்தண்ணி ஊற்றி வந்து மூன்றாம் தரமும் பார்த்தேன்.

காரணம் வரிசைக்கிரமம். டொட் நெட் முதலில் உங்கள் டொக்கியுமென்டின் எண்ட்பிரின்டைக் கூப்பிடுகிறது. அதற்குப் பிறகுதான் கென்சல் பெறுமதியை நிரப்புகிறது. அதற்கும் பிறகு, அச்சு வேலையை உள்ளே நடத்தும் பிரின்ட் கொன்ட்ரோலரின் ஒன்எண்ட்பிரின்டைக் கூப்பிடுகிறது. உண்மை கிடைக்கும் இடம் கொன்ட்ரோலர்தான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஸ்டாண்டர்ட்பிரின்ட்கொன்ட்ரோலரிலிருந்து உங்கள் சொந்த கிளாஸ் ஒன்றை எடுங்கள். அதில் ஒன்எண்ட்பிரின்டை ஓவர்ரைட் பண்ணி, உள்ளே வரும் கென்சல் பெறுமதியை ஒரு மாறியில் பத்திரப்படுத்திவிட்டு, தாய் கிளாஸின் மெதட்டைக் கூப்பிடுங்கள். தாயைக் கூப்பிட மறந்தால் வேலை முடிக்கப்படாமல் தொங்கும், ஏனென்றால் கென்சல் என்றால் வேலையைக் கைவிடுவதும் இல்லையென்றால் முடித்து அனுப்புவதும் அந்தத் தாய்தான். இந்தக் கிளாஸை பிரின்ட்கொன்ட்ரோலர்வித்ஸ்டேட்டஸ்டயலொக்குக்கு உள்ளே கொடுத்து, அதை டொக்கியுமென்டின் கொன்ட்ரோலராக வையுங்கள். சின்னப் பெட்டியும் வரும், அதில் அழுத்திய கென்சலும் உங்களுக்குத் தெரியும்.

பிடிஎஃப் பிரின்டரில் 'எங்கே சேமிக்க?' என்று கேட்கும் பெட்டியில் கென்சல் கொடுத்தால் கதை வேறு. அது அச்சு தொடங்கும் கட்டத்திலேயே விண்டோஸின் 1223 என்ற எரராக வரும். டொட் நெட் அதை விழுங்கி கென்சலாக மாற்றிவிடும். அந்தச் சந்தர்ப்பத்தில் எண்ட்பிரின்டிலேயே 'ட்ரூ' தெரியும். இதை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு 'எல்லாம் வேலை செய்கிறது' என்று கடைக்குப் போகாதீர்கள். நான் போனேன். மூன்றாவது பஸ்.

இன்னொன்று: கென்சல் கிடைத்தது என்பதால் தாள் வெளியே வரவில்லை என்று அர்த்தமில்லை. பிரின்டர் புரொப்பர்ட்டீஸில் 'உடனே அச்சிடத் தொடங்கு' என்று இருந்தால், நூறு பக்க லெட்ஜரில் முதல் சில பக்கங்கள் கென்சலுக்கு முன்னரே விழுந்திருக்கும். ஒரு பக்க பில்லுக்கு இது பெரிய விஷயமில்லை. பல பக்க பில்லுக்கு 'கடைசிப் பக்கம் வரை அனுப்பிய பிறகு தொடங்கு' என்று மாற்றிவிடுங்கள்.

5. வரிசையில் கொடுக்கும் கென்சல்

உங்கள் புரோகிராம் வேலையை அனுப்பிவிட்டது. கடைப் பொடியன் மூலையிலுள்ள பிரின்டர் ஐகொனைத் திறந்து, அந்த வரியைத் தெரிவு செய்து கென்சல் கொடுக்கிறான். புரோகிராமுக்கு எந்த ஈவன்டும் வராது. நீங்களாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு உங்கள் வேலையை அடையாளம் காண வேண்டும். பிரின்ட்டொக்கியுமென்ட் வேலை இலக்கத்தை உங்களிடம் தராது. அதனால் டொக்கியுமென்ட்நேமில் தனித்துவமான பெயர் ஒன்று வையுங்கள். 'பில் 4512 முயற்சி 1' என்ற மாதிரி. கிரிஸ்டலில் வரிசையில் என்ன பெயரில் வந்து நிற்கிறது என்று, பிரின்டரைப் போஸ் பண்ணி வைத்துக் கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிறகு தனி த்ரெட்டில் (புரோகிராமுக்குள் பக்கவாட்டில் ஓடும் வேலை), ஒரு செக்கனுக்கு ஒரு தடவை வரிசையைப் பாருங்கள். விண்டோஸிடம் அதன் நிலையைக் கேட்டறியும் வசதியான டபிள்யூஎம்ஐயின் வின்32 பிரின்ட்ஜொப் கிளாஸாலும் பார்க்கலாம், டொட் நெட்டின் சிஸ்டம்.பிரின்டிங்கில் உள்ள பிரின்ட்கியூவாலும் பார்க்கலாம். டபிள்யூஎம்ஐயில் ஜொப்ஸ்டேட்டஸ் என்ற சொல்லை நம்ப வேண்டாம். ஸ்டேட்டஸ்மாஸ்க் என்ற இலக்கத்தை எடுங்கள். அதில் உங்களுக்கு வேண்டியவை: 4 என்றால் அழிந்துகொண்டிருக்கிறது, 16 அச்சாகிறது, 32 பிரின்டர் தொடர்பில் இல்லை, 64 தாள் தீர்ந்தது, 128 அச்சானது, 256 அழிந்தது.

இவை கூட்டாக வரும். ஒரு நாள் எனக்கு 20 வந்தது. பட்டியலில் 20 இல்லையே என்று முழித்தேன். 16உம் 4உம் சேர்ந்து 20, அதாவது அச்சாகிக்கொண்டிருக்கும்போதே அழிக்கிறார்கள். 'சமமா' என்று ஒப்பிடாமல், உங்களுக்கு வேண்டிய இலக்கம் கூட்டுக்குள் இருக்கிறதா என்று பிட்வைஸ் 'அண்ட்' போட்டுப் பாருங்கள்.

பெரிய பொறி இது: அச்சாகி முடிந்த வேலையும் வரிசையிலிருந்து மறையும், கென்சலான வேலையும் மறையும். மறைந்தது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மறைவதற்கு முன் கடைசியாக என்ன கண்டீர்கள் என்பதுதான் சாட்சி. 4 அல்லது 256 கண்டிருந்தால் கென்சல். 128 கண்டிருந்தால் அச்சானது. இரண்டும் காணாமல் மறைந்தால் 'தெரியாது'. சின்ன பில் ஒரு செக்கன் இடைவெளிக்குள் வந்து போய்விடும், அதனால் இந்த மூன்றாவது அடிக்கடி வரும். விண்டோஸின் பிரின்டர் மாற்ற அறிவித்தல் ஏபிஐ பாவித்தால் தவறவிடுவது குறையும், கோட் எழுதும் வேலை கூடும்.

'அச்சான டொக்கியுமென்ட்களை வைத்திரு' என்று பிரின்டர் புரொப்பர்ட்டீஸில் ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் அச்சானவை வரிசையில் தங்கும், கென்சலானவை மட்டும் மறையும். ஆகா, பிரச்சினை தீர்ந்தது என்று நானும் துள்ளினேன். ஆனால் தங்கியிருக்கும் வேலையை யாரும் வலது கிளிக் செய்து மறுபடி அடிக்கலாம். புரோகிராமுக்குத் தெரியாமல் இரண்டாவது 'மூலப்பிரதி' தாளில் விழும். மாதாந்த அறிக்கைகளுக்குப் பரவாயில்லை. பில்லுக்கு இதைத் தொடவே வேண்டாம் என்பது என் முடிவு.

6. விண்டோஸின் சொந்தப் பதிவேடு

ஈவன்ட் வியூவரில் பிரின்ட்சேர்விஸ் என்பதன் கீழ் ஒப்பரேஷனல் என்றொரு லொக் இருக்கிறது. சாதாரணமாக அணைந்திருக்கும், அட்மின் உரிமையோடு போட்டுவிட வேண்டும். அதில் 307 என்றால் ஒரு டொக்கியுமென்ட் அச்சானது, 310 என்றால் அழிக்கப்பட்டது. 5ஆம் படியில் 'தெரியாது' என்று விட்டதை இங்கே பார்த்துத் தீர்க்கலாம்.

பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். புதிய விண்டோஸ்களில் அந்தரங்கம் கருதி உண்மையான டொக்கியுமென்ட் பெயரை லொக்கில் மறைத்து எழுதுவார்கள். குரூப் பொலிஸியில் (விண்டோஸின் நிர்வாக அமைப்புகள்) பிரின்டர்ஸ் பகுதியில், வேலையின் பெயரை ஈவன்ட் லொக்கில் எழுத அனுமதிக்கும் தெரிவைப் போடுங்கள். பிரின்டர் வேறு மெஷினில் மாட்டியிருந்தால் அந்த மெஷினின் லொக்கையும் பார்க்க வேண்டும்.

7. கோட்டுக்குத் தெரியாத இடம்

128 என்று வந்தாலும், தரவு போர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள். ரிப்பன் காய்ந்திருந்தால், தாள் சிக்கியிருந்தால், பிரின்டர் தன் நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தால் விண்டோஸுக்குத் தெரியாது. அங்கே ஆளைத்தான் கேட்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் கேட்டால் இரண்டாம் நாளே கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' அழுத்தப் பழகிவிடுவார்கள். நிலை 'தெரியாது' என்றால் மட்டும், அடுத்த பில்லைத் திறக்கும்போது கேளுங்கள்: 'பில் 4512 தாளில் விழுந்ததா?' நான் இதைச் சிங்களத்திலும் தமிழிலும் போட்டேன். 'விழுந்தது', 'விழவில்லை' என்று இரண்டு பட்டன், எதையும் முன்கூட்டித் தெரிவு செய்து வைக்கவில்லை.

இன்னொரு சம்பவம். கரண்ட் போனது. கொம்பியூட்டர் யூபிஎஸ்ஸில் நின்றது, பிரின்டர் நிற்கவில்லை. தங்கச்சி 'விழவில்லை' என்று சரியாகவே சொன்னாள், புரோகிராம் புதிதாக மூலப்பிரதி அனுப்பியது. கரண்ட் வந்ததும் வரிசையில் காத்திருந்த பழையதும் புதியதும் அடுத்தடுத்து விழுந்தன. ஆகவே 'விழவில்லை' என்று பதில் வந்தால், அதே பில் இலக்கத்தில் வரிசையில் ஏதும் நிற்கிறதா என்று தேடி, இருந்தால் அதை அழித்துவிட்டுத்தான் புதியதை அனுப்ப வேண்டும். அழிக்கும் உரிமை அனுப்பியவருக்கு இருக்கும். வேறொருவர் லொக்இன்னில் அனுப்பிய வேலையை அழிக்க பிரின்டரில் தனி அனுமதி கொடுக்க வேண்டும்.

8. எவ்வளவு நேரம், எப்போது போவது

எனக்கு 2ஆம், 3ஆம் படிகளுக்கு அரை நாள். 4ஆம் படிக்கு ஓர் இரவு, காரணம் முன்னரே தெரிந்தால் ஒரு மணித்தியாலம். 5ஆம் படிக்கு இரண்டு நாள், அதில் பாதி த்ரெட்டை மூடாமல் விட்டு புரோகிராம் மூட மறுத்ததைத் தேடியது. 6ஆம் படி ஒரு மெஷினுக்குப் பத்து நிமிடம்.

கடையில் பொருத்த, கடை மூடியிருக்கும் போயா நாளைக் கேட்டு வாங்குங்கள். ஏப்ரல் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களில் போனால் உங்களுக்கு ஒரு கதிரைகூடக் கிடைக்காது. பிரின்டரைப் போஸ் பண்ணி வைத்து, டயலொக்கில் கென்சல், சின்னப் பெட்டியில் கென்சல், வரிசையில் கென்சல், பிரிவியூ பார்த்து மூடுவது, பிரின்டர் வயரைப் பிடுங்குவது என்று ஐந்தையும் ஒவ்வொரு மெஷினிலும் செய்து, முயற்சி டேபிளில் என்ன விழுந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். சின்னப் பெட்டியைச் சோதிக்க ஒரு பக்க பில் ஆகாது, கை போவதற்குள் மறைந்துவிடும். நாற்பது பக்க ஸ்டொக் அறிக்கை ஒன்றை எடுங்கள்.

நாலாவது தடவை போனபோது இந்த ஐந்தையும் முதலாளியின் முன்னாலேயே செய்து காட்டினேன். வயரை அவரே பிடுங்கினார். திரையில் 'தெரியாது' என்று வந்ததைப் பார்த்து, "அப்ப இதுக்கும் தெரியாது எண்டு சொல்லத் தெரியுது" என்றார்.